முன்னச்சு நானாவும் பின்னால் போகாத சாரட்டும்

இந்த உலகத்தில் எது கெட்டுப்போனாலும் அதற்குக் காரணம் முன் அச்சுதான் என்று நம்பிய மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அந்த ஒருவர் காரைக்காலில், எங்கள் தெருவில், என் பிரஸ்ஸுக்கு அடுத்த கொட்டகையில் வந்து வாய்த்தார். என் ஜாதகத்தைக் கணித்தவர் இதை மட்டும் சொல்லாமல் மறைத்துவிட்டார்.

பஸ் லேட்டா? முன்னச்சு. லாரி கவிழ்ந்ததா? முன்னச்சு. மாவு மிஷின் பெல்ட் அறுந்ததா? "அதுக்கு முன்னச்சே கெடையாது, அப்பறம் அறுக்காம என்னா பண்ணும்?" என்பார். டீக்கடை டிவியில் எங்கோ ஓர் ஆட்சி கவிழ்ந்ததாகச் செய்தி ஓடினால், நின்றபடி ஒரு வாய் டீயை உறிஞ்சிவிட்டு, "முன்னால இருக்குறவன் சரியாத் திருப்பிருக்க மாட்டான்" என்று முடித்துவிடுவார். அரசியல் தெரிந்தவர்கள் பெஞ்சியை விட்டு எழுந்து போவார்கள்.

நின்றபடி என்று சொன்னேன் அல்லவா, அது முக்கியம். தொழுகை நேரம் தவிர அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. டீ, நின்றபடி. சாப்பாடு, டிபன் பாக்ஸைக் கையில் ஏந்தி நடந்தபடி. பேச்சு, நம் வண்டிக்கு அடியில் படுத்தபடி. எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள். அவர் தெரு முழுவதற்கும் முன்னச்சு நானா ஆகிவிட்டார். அவருடைய நிஜப் பெயரை ஒரு கல்யாணப் பத்திரிகையில் நானே அடித்திருக்கிறேன். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் எங்கள் தெருவில் யாருக்கும் யாரென்று தெரியாது.

துபாயில் இருபது வருஷத்துக்கு மேல் டிரெய்லர் லாரிகளின் அடியில் படுத்துக் கிடந்து சம்பாதித்தவர். ஊருக்கு வந்தபின் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே படுத்திருக்கலாம். அவர் மனைவி அதைத்தான் கெஞ்சிக் கேட்டார். நானா ஒரு கொட்டகை எடுத்து, வெல்டிங் மிஷின் வாங்கிப் போட்டு, காலை ஏழு மணிக்குச் சுத்தியலை எடுத்தார். ஆறு மாதம் கழித்து நான் அடுத்த கடையை வாடகைக்குப் பிடித்துக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரஸ் வைத்தேன். கடை பார்க்கப் போன அன்று அவர் வெளியூர் போயிருந்தார். ஏமாந்துவிட்டேன்.

முதல் நாளே வந்தார். நான் புதிதாக வாங்கிய சுழல் நாற்காலியில் சற்றுப் பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

"தம்பி, கொஞ்சம் எழுந்திரிங்க."

எழுந்தேன். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

"அஞ்சு சக்கரம். அஞ்சும் அஞ்சு பக்கம் போவுது. இதுல எது முன்னச்சு?"

"நாற்காலிக்கு எதுக்கு நானா முன்னச்சு? இதுல நான் திருநள்ளாறு வரைக்குமா போகப் போறேன்?"

"போவ மாட்டீங்க. இந்தச் சக்கரத்த வச்சுக்கிட்டு எப்படிப் போவீங்க?"

சாயங்காலம் நாற்காலி திரும்பி வந்தது. அடியில் இருந்த ஐந்து சக்கரங்களும் போய், முன்னால் ஓர் அச்சு, பின்னால் ஓர் அச்சு, நாலு இரும்புச் சக்கரம். காரைக்காலில் முன்னச்சு வைத்த ஆபீஸ் நாற்காலி அது ஒன்றுதான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொன்னால் மேஜையையும் எடுத்துப் போய்விடுவார் என்று சொல்லவில்லை.

பட்டினச்சேரியிலிருந்து தள்ளுவண்டியில் மீன் கொண்டு வரும் அம்மாளும் தப்பவில்லை. வண்டி இழுக்கிறது, கை வலிக்கிறது என்று அந்த அம்மாள் பொதுவாகச் சொன்னதுதான் தவறு. நானா முன்னச்சைக் கழற்றி, பேரிங் போட்டு, குலுங்காமல் இருக்க ஸ்பிரிங் வில்லும் வைத்துக் கொடுத்தார். மறுநாள் மதகின் இறக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அந்த அம்மாள் ஒரு வீட்டுக்கு மீன் நிறுத்துக் கொண்டிருந்தபோது வண்டி தானாகக் கிளம்பியது. அடுத்த தெரு வரை போனது. பின்னாலேயே தெருப் பூனைகள் எல்லாம் ஊர்வலமாகப் போயின.

"ஏ பாயி, என்னா பண்ணித் தொலச்ச என் வண்டிய? நான் இஞ்ச நிக்கிறேன், வஞ்சிரம் அங்க போவுது."

"கை வலிக்குதுன்னியே, இப்ப வலிக்குதா?"

"கை வலிக்கல. கால் வலிக்குது. ஓடிட்டுல்ல வர்றேன்."

நானா அதற்குள் குனிந்து சக்கரத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். திட்டு அவருக்குக் காதில் விழாது. சக்கரத்தின் சத்தம் மட்டும்தான் விழும்.

இதெல்லாம் கைப்பழக்கத்துக்கு. அவருடைய நிஜமான எதிரி ஒன்று இருந்தது. அது அம்பகரத்தூர் செல்வத்தின் கல்யாண சாரட்.

செல்வம் அந்த சாரட்டையும் மைனா என்ற வெள்ளைக் குதிரையையும் வைத்துப் பிழைப்பவர். நாகூர் முதல் நெடுங்காடு வரை மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் செல்வம்தான். சாரட்டைப் பார்க்க அழகாக இருக்கும். இரண்டு பக்கமும் மயில், மேலே குடை, சிவப்பு வெல்வெட் ஆசனம். அழகுக்காக உடம்பைத் தாழ்வாக இறக்கிக் கட்டியிருந்தார்கள். அதுதான் வினை. முன்சக்கரங்கள் கொஞ்சம் திரும்பியதும் மயிலின் வயிற்றில் போய் முட்டிக்கொள்ளும். அதற்கு மேல் திரும்பாது. பெரிய ரோட்டில் பரவாயில்லை. எங்கள் தெருக்களோ பிரெஞ்சுக்காரன் அளவுகோல் வைத்துக் கோடு போட்டவை. நேராகப் போகும், சட்டென்று மூலை மட்டம் வைத்ததுபோலச் செங்கோணத்தில் ஒடியும். அதிலும் எங்கள் தெரு ஒடிகிற இடத்தில் மின்வாரியம் ஒரு டிரான்ஸ்பார்மரை வேறு நட்டு வைத்திருக்கிறது. அங்கே சாரட் ஒரே மூச்சில் திரும்பாது. கொஞ்சம் பின்னால் வாங்கித்தான் திருப்ப வேண்டும்.

பின்னால் வாங்கினால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் பக்கம் மாப்பிள்ளை ஏறிய வண்டி வாசலுக்கு வந்து சேரும்வரை பின்னால் நகரக் கூடாது. கார் ஓட்டுகிற டிரைவர்கள்கூட ரிவர்ஸ் போடாமல் நாலு தெரு சுற்றித்தான் வருவார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்டால் மார்க்கத்தில் அப்படி ஒன்றுமே இல்லை என்பார். எங்கள் ஐயரைக் கேட்டால் சாஸ்திரத்திலும் இல்லை என்பார். எந்தப் புத்தகத்திலும் இல்லாததால் அதை மறுத்துப் பேசவும் வழியில்லாமல் போய்விட்டது.

நானாவுக்கு அந்த மூலையோடு என்ன பகை என்பது எனக்கு அவர் மகள் சொல்லித்தான் தெரியும். நூர், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாதிரி வினாத்தாள் அடிக்க என்னிடம் வருவார். ஒரு நாள் புரூஃப் திருத்திக்கொண்டே கேட்டார்.

"வாப்பா உங்கள ரொம்பத் தொல்ல பண்றாங்களாண்ணே?"

"அதெல்லாம் இல்லீங்க டீச்சர்" என்றேன். பக்கத்துக் கொட்டகையில் சுத்தியல் விழுந்த சத்தத்தில் நான் சொன்னது அவருக்கே கேட்டிருக்காது.

"எல்லாம் என்னாலதான்" என்றார் நூர். "என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்குக் கார் போதும்னு நான் சொன்னேன். வாப்பாதான் சாரட்டுல வரணும்னு நின்னாங்க. துபாய்லேர்ந்து வந்த கையோட பண்ற கல்யாணம், ஊருக்குக் காட்டணும்ல. டிரான்ஸ்பார்மர் மூலையில வண்டி மாட்டிக்கிச்சு. நாலு அடி பின்னால போயித்தான் திரும்புச்சு. மாடியில நின்ன பொம்பளைங்க அத்தன பேரும் பாத்தாங்க. எட்டு மாசத்துல எல்லாம் முடிஞ்சு போச்சு. அந்த ஆளுக்கு அங்க துபாய்ல ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்துச்சு. அதுக்கு வண்டி என்னண்ணே பண்ணும்?"

"நானா என்ன சொல்றாரு?"

"அவங்களும் அதத்தான் சொல்றாங்க. மூடநம்பிக்கைம்பாங்க. சொல்லிட்டு ஸ்பேனர எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க."

எனக்கு அன்று அவர்மேல் இருந்த எரிச்சல் பாதி குறைந்தது. பாதிதான். சுத்தியல் நிற்கவில்லையே. ஆனால் அந்த மனிதர் ஏன் உட்காரவில்லை என்பது புரிந்தது. நூருக்கு இன்னொரு வாழ்க்கை அமையும். அதற்குள் அந்த மூலையில் ஒரு சாரட் ஓர் அங்குலம்கூடப் பின்வாங்காமல் திரும்ப வேண்டும். அதைப் பார்க்காமல் அவருக்குத் தரையில் கால் பாவாது.

செல்வத்தை அவர் எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்றால், மைனாவின் தோளைக் காட்டித்தான். வண்டி மேடு பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்னச்சின் அடி அப்படியே குதிரையைப் பூட்டியிருக்கும் ஏர்க்காலுக்கு வந்து, ஏர்க்காலிலிருந்து குதிரையின் தோளில் இடிக்கும். அந்த இடத்தில் ஆறாத புண். செல்வம் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிக்கொண்டே இருப்பார். "இந்தப் புண்ணு ஆறணும்னா முன்னச்ச மாத்தணும்" என்று நானா சொன்னதும் செல்வம் சாரட்டைக் கொட்டகையில் விட்டுவிட்டு பஸ் ஏறினார். அன்றிலிருந்து முகூர்த்தம் இல்லாத நாளெல்லாம் சாரட் கொட்டகையில், நானா அதன் அடியில்.

முதல் சோதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை.

"தம்பி, நீங்க என்னா எடை இருப்பீங்க?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்கக் கூடாது. மாப்பிள்ளை எடைக்கு நான் சரியாக இருந்தேனாம். வெல்வெட் ஆசனத்தில் என்னை ஏற்றி, பக்கத்தில் தோழன் எடைக்கு என் பிரஸ் பேப்பர்க் கட்டுகளையே வைத்தார். செல்வம் லகானைப் பிடித்தார். தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

இந்த முறை நானா செய்திருந்த வேலை, உடம்பை உயர்த்தி, சிறிய முன்சக்கரங்கள் போட்டு, அவை வண்டியின் அடியில் புகுந்து முழுதாகத் திரும்பும்படி வைத்தது. அவையும் சொன்னபடி திரும்பின. டிரான்ஸ்பார்மர் மூலையில் முன்னச்சு குறுக்காகப் போய் நின்றது. நாற்காலியின் முன்னங்கால் இரண்டையும் நடுவில் சேர்த்துக் கட்டினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. சாரட் அவசரமில்லாமல், மரியாதையாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தது. நான் சாக்கடையில் இருந்தேன். பேப்பர்க் கட்டு என்மேல் இருந்தது.

செல்வம் ஓடி வந்து என்னைத் தூக்கினார். நானாவைக் காணோம். கவிழ்ந்த வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"தம்பி, விழுந்ததும் நல்லதாப் போச்சு. அடிப்பாகம் என்னா தெளிவாத் தெரியுது பாருங்க."

இரண்டாவது முறை பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு சின்ன லோடு வேனின் முன்னச்சைக் கொண்டுவந்தார். மொத்த அச்சும் திரும்ப வேண்டியதில்லை, காரில் உள்ளதுபோல ஒவ்வொரு சக்கரமும் தன் இடத்திலேயே நின்று திரும்பும், அதனால் வண்டி கவிழாது என்று என்னிடம் ஒரு பத்திரிகையின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். அது ஒருவருடைய கல்யாணப் பத்திரிகையின் கடைசிப் புரூஃப். இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குக் கம்பியில் ஏர்க்காலைப் பூட்டினார். குதிரை எந்தப் பக்கம் போகிறதோ சக்கரமும் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

அந்தக் கம்பியைப் பூட்டியதில் ஒரு சின்னத் தவறு. மைனா வலப்பக்கம் போனது, சாரட் இடப்பக்கம் போனது. நான் டீக்கடைக்குள் போனேன். பாய்லர் தப்பியது அந்தக் கடைக்காரர் செய்த புண்ணியம். மைனா கழுத்தைத் திருப்பி வண்டியையும் நானாவையும் மாறி மாறிப் பார்த்தது. ஒரு குதிரைக்கு அவ்வளவு முகபாவம் உண்டு என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

"பாய், இது கல்யாண வண்டி" என்றார் செல்வம், அழுகிற குரலில். "குதிரை ஒரு வீட்டுக்கும் மாப்பிள்ளை ஒரு வீட்டுக்கும் போனா நான் யாருக்குங்க பதில் சொல்றது?"

"ஒரு கம்பிதான் செல்வம். அச்சுக்கு முன்னால இருக்குறது பின்னால போவணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். மூன்றாவது முறை சாரட் அந்த மூலையில் திரும்பியது. நிற்கவில்லை, சாயவில்லை, முட்டவில்லை. துணியை மடித்து வைக்கிற மாதிரி மடங்கித் திரும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டு குடைக் கம்பியைப் பிடித்திருந்ததால் பார்க்கவில்லை, சொல்லித்தான் தெரிந்தது. வில் வைத்த அச்சு அடியைத் தானே வாங்கிக்கொண்டதால் ஒரு மாதத்தில் மைனாவின் தோள் புண்ணும் ஆறிவிட்டது. செல்வம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றார். வேறு யாராக இருந்தாலும் அன்று ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நானா உட்காரவில்லை. கொட்டகைக்கும் பிரஸ்ஸுக்கும் நடையாய் நடந்தார்.

"திரும்புது தம்பி. சரி. ஆனா குதிர மெரண்டு பின்னால வந்துட்டா?"

"மூடநம்பிக்கைன்னு நீங்கதானே சொன்னீங்க நானா?"

"மூடநம்பிக்கதான். யாரு இல்லேன்னா?" என்று சொல்லிவிட்டு என் நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார்.

திரும்பி வந்த நாற்காலியின் முன்னச்சில் ஒரு பல்சக்கரம் இருந்தது. அதன்மேல் ஓர் இரும்பு நாக்கு சாய்ந்து கிடந்தது. முன்னால் உருண்டால் நாக்கு ஒவ்வொரு பல்லாகத் தாண்டி டிக், டிக், டிக் என்று சொல்லும். பின்னால் உருட்டினால் பல்லில் விழுந்து பிடித்துக்கொள்ளும். நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மத்தியானம் சாப்பிட எழுந்தபோதுதான் தெரிந்தது, நாற்காலி முன்னால் மட்டும்தான் போகும். மேஜைக்கும் நாற்காலிக்கும் நடுவில் என் வயிறு இருந்தது.

"நானா," என்று கத்தினேன்.

வந்து பார்த்தார். "நல்லாப் பிடிக்குதுல்ல?" என்று சந்தோஷமாகத் திரும்பிப் போனார்.

அதே நாக்கு சாரட்டுக்கும் போனது. பின்னால் போகவே முடியாத வண்டி. தெருவே டிக் டிக் சத்தத்தை வைத்து செல்வம் வருவதைத் தெரிந்துகொண்டது. அடுத்த வாரமே பட்டினச்சேரியில் ஒரு கல்யாணம். வழி காட்டியவர் பேச்சு சுவாரஸ்யத்தில் ஒரு தெரு முன்னதாகவே திருப்பிவிட்டார். அந்தத் தெரு நேரே கடற்கரை மணலில் போய் முடிகிறது. முன்னால் கடல், பின்னால் போக முடியாது, நடுவில் மாலையோடு மாப்பிள்ளை. நாக்கை எப்படித் தூக்குவது என்று செல்வத்துக்குச் சொல்லிக் கொடுக்க நானா மறந்திருந்தார், அல்லது மறந்ததாகச் சொன்னார். கடைசியில் படகு தூக்கிப் பழகிய ஆட்கள் பத்துப் பேர் வந்து, குதிரையை அவிழ்த்துவிட்டு, மாப்பிள்ளையோடு சேர்த்து சாரட்டைத் தோளில் தூக்கித் திருப்பி வைத்தார்கள். அந்த மாப்பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறார். இரட்டைக் குழந்தைகள்.

இந்த நிலவரத்தில்தான் நூருக்கு வரன் வந்தது. திருமலைராயன்பட்டினத்தில் பாத்திரக்கடை. மனைவியை இழந்தவர், அதிர்ந்து பேசாதவர். கடையும் வயதான உம்மாவும் அங்கே இருப்பதால் கல்யாணத்துக்குப் பிறகு நூர் அங்கே போவதாகப் பேச்சு. நூருக்குப் பிடித்திருந்தது. நானா அன்றைக்கே சாரட்டின் ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றித் துடைத்தார்.

பத்திரிகைப் புரூஃப் பார்க்க மாப்பிள்ளை என் பிரஸ்ஸுக்கு வந்தார். பெயர்களைப் பார்த்து முடித்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, நீங்கதான் எங்க மாமாகிட்ட பக்குவமாச் சொல்லணும். எனக்குக் குதிரைன்னா ஆவாதுங்க. சின்ன வயசுல ஒண்ணு தோள்ல கடிச்சிருச்சு. நான் ஸ்கூட்டர்லயே வந்துர்றேன்."

"நீங்களே சொல்லலாமே."

"போனேங்க. அவங்க சாரட்டுக்கு அடியில படுத்துருந்தாங்க. காலைப் பாத்து எப்படிங்க சொல்றது?"

நான் போய்ச் சொன்னேன். நானா வண்டிக்கு அடியிலிருந்து மெல்ல வெளியே வந்தார். கையில் ஸ்பேனர்.

"ஸ்கூட்டர்லயா? ஸ்கூட்டருக்கு முன்ன..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அவர் வாயில் பாதியில் நின்ற ஒரே முன்னச்சு அதுதான். அந்த மூலையில் ஒரு மாப்பிள்ளை சாரட்டில் திரும்ப வேண்டும் என்பதற்குத்தான் அவருடைய ஏழு வருஷ வேலையும்.

"மாப்பிள்ளைக்குப் பயமா இருந்தா வேணாம்" என்றார். "புள்ளை நல்லா இருந்தாப் போதும்." சாரட்டின்மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். மாப்பிள்ளை ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நானா எல்லோருக்கும் பிரியாணி பரிமாறினார், சிரித்தார், இரண்டு கையாலும் கை கொடுத்து முஸாஃபா செய்தார். டிரான்ஸ்பார்மர் மூலையில் திரும்பும்போது ஸ்கூட்டர் எதற்காவது பின்வாங்கியதா என்று என்னிடம் இரண்டு முறை விசாரித்தார். இல்லை என்றேன். சரி என்று போனார். கை மட்டும் சும்மா இருக்கவில்லை, தாளிச்சா கரண்டியைத் திருகிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை, பெண் புறப்பட வேண்டிய நேரத்துக்கு, தெருமுனையில் டிக், டிக், டிக்.

நானா வாசலுக்கு ஓடி வந்தார். செல்வம் கொட்டகையில் தார்ப்பாயை விலக்கி, சாரட்டில் மைனாவைப் பூட்டிக்கொண்டு வந்து நின்றார். "டீச்சர்தாங்க வரச் சொன்னாங்க" என்றார்.

நூர் உம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டு வந்து தானாக ஏறி வெல்வெட் ஆசனத்தில் உட்கார்ந்தார். மணப்பெண் தனியாக சாரட்டில் போவது எங்கள் தெருவுக்குப் புதுசு. மாடிகள் நிறைந்துவிட்டன. மாப்பிள்ளை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, குதிரைக்குப் பத்தடி தள்ளி, பத்திரமாகப் பின்னால் வந்தார். முன்னால் நானா நடந்தார். பக்கத்தில் நான்.

மூலை வந்தது. நானா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். சக்கரத்தின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"திரும்பிருச்சா தம்பி?"

"திரும்பிருச்சு நானா."

"நெசமா?"

"நீங்களே பாருங்க."

பார்த்தார். அவர் உதடு ஏதோ சொன்னது, அல்ஹம்துலில்லாஹ்வாக இருக்கும். அப்போது மேலே இருந்து நூர் குரல் கொடுத்தார்.

"செல்வண்ணே, நிறுத்துங்க. வாப்பா, இப்ப இதப் பின்னால போவச் சொல்லுங்க."

மாடியில் நின்றவர்கள் கைப்பிடிச் சுவரோரம் நெருங்கிக் குனிந்தார்கள்.

"என்னா புள்ள பேசுற நீ?"

"அன்னிக்கு நாலு அடி போச்சுல்ல. இன்னிக்கும் நாலு அடி போவணும்."

"அது போவாதும்மா. நாக்கு இருக்கு."

"நீங்கதானே போட்டீங்க. நீங்களே கழட்டுங்க."

"நூரு, நல்ல நாளும் அதுவுமா..."

"மூடநம்பிக்கைன்னு சொன்னீங்கள்ல வாப்பா?" என்றார் நூர். குரல் கணக்கு டீச்சர் குரல்தான். "ஏழு வருஷமா நீங்க ஒழுங்காத் தூங்கலன்னு உம்மா சொல்றாங்க. என் வாழ்க்க கெட்டது அந்த ஆளால. உங்களாலயும் இல்ல, இந்த வண்டியாலயும் இல்ல. நான் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன், உங்க காதுல விழல. அதக் கழட்டாம நான் இஞ்சேர்ந்து நகர மாட்டேன்."

நானா என்னைப் பார்த்தார். நான் முன்னச்சைக் கைகாட்டினேன். பிறகு அவர் நடுத்தெருவில் மண்டியிட்டு, முன்னச்சுக்கு அடியில் குனிந்தார். அன்றைக்கும் அவர் சட்டைப் பையில் ஒரு ஸ்பேனர் இருந்தது, அதை எடுத்து நட்டைத் திருகினார். நாக்கு கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

செல்வம் "பிஸ்மில்லா" என்றார். அம்பகரத்தூர் காளியம்மனையும் மனசுக்குள் கூப்பிட்டிருப்பார். லகானைப் பின்னால் இழுத்தார். மைனா ஓர் அடி வைத்தது. இரண்டு. மூன்று. நாலு. டிக் சத்தம் இல்லாமல் அந்த வண்டி நகர்ந்தது எங்களுக்கே விசித்திரமாக இருந்தது. பின்னால் நின்ற மாப்பிள்ளை, குதிரை வண்டி தன்மேல் வருவதைப் பார்த்து மிரண்டு, இரண்டு காலாலும் தரையை உதைத்து ஸ்கூட்டரோடு சரசரவென்று அவரும் பின்னால் போனார். பெண்ணும் பின்னால் போயாயிற்று, மாப்பிள்ளையும் பின்னால் போயாயிற்று. மாடியில் முதலில் யாரோ ஒரு பெண் சிரித்தார். அப்புறம் தெருவே சிரித்தது.

"போதுமா டீச்சர்?" என்றார் செல்வம்.

"போதும்ண்ணே. இப்ப போங்க."

சாரட் மறுபடி முன்னால் போய், மூலையில் மடங்கித் திரும்பி, மறைந்தது. பின்னாலேயே ஸ்கூட்டர்.

நான் திரும்பிப் பார்த்தேன். டிரான்ஸ்பார்மர் மேடையின் விளிம்பில் முன்னச்சு நானா உட்கார்ந்திருந்தார். கையில் அந்த இரும்பு நாக்கு. கண் துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல், ஒரு வேலையும் செய்யாமல், சும்மா உட்கார்ந்திருந்தார். டீக்கடைக்காரர் டீ கொண்டு வந்து கொடுத்தார். உட்கார்ந்தபடியே குடித்து முடித்தார்.

ஒரு வாரம்தான் அந்த அமைதி. எட்டாம் நாள் மருமகனின் ஸ்கூட்டர் கொட்டகையில் தலைகீழாக நின்றது. அப்புறம் சில வருஷங்கள் ஓடிவிட்டன, இப்போது நானா திருமலைராயன்பட்டினத்திலேயே மகளோடு இருக்கிறார். பாத்திரக்கடைக்குச் சரக்கு இழுக்கும் வண்டிகள் படும் பாட்டை அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நூருக்கு ஒரு பெண், ஒரு பையன். கொட்டகை இருந்த இடத்தில் மொபைல் கடை வந்துவிட்டது. அங்கே சத்தமே இல்லை. புரூஃப் திருத்த மனம் ஒட்ட மாட்டேன் என்கிறது, எழுந்து எழுந்து வாசலுக்கு வருகிறேன்.

மாதம் ஒரு முறை ஸ்கூட்டரின் பின்னால் தொற்றிக்கொண்டு வருவார். உள்ளே வந்ததும் முதலில் பார்ப்பது நாற்காலியைத்தான்.

"தம்பி, அந்த நாக்கு இன்னும் இருக்கா? அஞ்சு நிமிசம், கழட்டி எறிஞ்சுர்றேன்."

"வேலை இருக்கு நானா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்பேன். ஒவ்வொரு மாதமும் அதையே சொல்கிறேன். அந்த டிக் டிக் சத்தமும் போய்விட்டால் பிரஸ்ஸில் எனக்கு யார் துணை? எழுந்திருக்க வேண்டும் என்றால், மேஜையை முன்னால் தள்ளிவிட்டு எழுந்து கொள்கிறேன்.